ஆறு கடந்தார்க்கே

ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டே புள்ளி சார் அந்தப் பதினாறு பக்கப் புத்தகத்தைப் பன்னிரண்டாவது தடவையாகப் படித்து முடித்தார். ஒரு பிழைகூட அகப்படவில்லை. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. பத்தொன்பது வருடமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறவர் அவர். ஒரு தாளில் நாலு பிழை கிடைத்தால் நிம்மதியாகச் சாப்பிடுவார். ஒன்றுமே கிடைக்காவிட்டால், எங்கேயோ ஒன்று ஒளிந்துகொண்டு தன்னைப் பார்த்துச் சிரிக்கிறது என்றுதான் அவருக்குத் தோன்றும்.

“நுரை சொட்டுது பாருங்க புத்தகத்து மேல. துப்பிட்டு வந்து படிச்சா எழுத்து ஓடியா போயிடும்?” என்றாள் மனைவி.

புள்ளி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் மாதம், ‘முதியோர் கல்வி இயக்கம்’ என்று ஆயிரம் சுவரொட்டி அடிக்கிற வேலை வந்தது. இயந்திரத்தில் தகடு ஏறி, மை ஓடி, முதல் தாள் வெளியே வந்து விழுந்தபோது ‘ல்’ தலையில் இருக்க வேண்டிய புள்ளியைக் காணோம். அப்படியே ஒட்டியிருந்தால், முதியோர் நடத்தப்போகிற இயக்கத்தைப் பார்த்து ஊரே வாய்பிளந்திருக்கும். ஓடிப்போய்த் தாளைப் பிடுங்கி, “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தியவர் இவர்தான். அன்றிலிருந்து முதலாளி முதல் பைண்டிங் பெண்கள் வரைக்கும் எல்லாருக்கும் அவர் புள்ளி சார். அவருடைய உண்மைப் பெயரில் கடிதம் வந்தால் அச்சகத்தில் அதைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

இந்த விளையாட்டும் அச்சகத்தின் வழியாகத்தான் அவரிடம் வந்தது. விரல் உயரப் பொம்மைப் படைகளை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, அங்குலக் கணக்கில் நகர்த்திச் சண்டை போடுகிற விளையாட்டு. குள்ளர்கள், பூதங்கள், எலும்புக்கூடுகள், மரமனிதர்கள் என்று எல்லாம் கற்பனைப் படைகள். ஒவ்வொரு வீரனுக்கும் ஆடுகிறவரே மயிரிழைத் தூரிகையால் வண்ணம் தீட்ட வேண்டும். யாரோ ஒரு கடைக்காரர் அதன் விதிப்புத்தகத்தைத் தமிழில் அச்சிடக் கொடுத்தார். மூன்று தடவை மெய்ப்புப் பார்த்ததில் புள்ளி சாருக்கு விதியெல்லாம் மனப்பாடம். மனப்பாடம் ஆனதை வைத்துக்கொண்டு மனிதர் எத்தனை நாள் சும்மா இருப்பார்? தையல்கடை வைத்திருக்கும் அக்கா வீட்டுக்காரரை இழுத்தார். எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கும் மனைவியின் அண்ணனை இழுத்தார். ஒருவர் மாமா, ஒருவர் மச்சான். இரண்டு பேருக்கும் இவர் ‘மாப்ள’.

மாமாவும் மச்சானும் இவரைவிடப் பைத்தியமாகிவிட்டார்கள். மாமா தன் மரமனிதர்களின் மேலங்கியில் ஒவ்வொரு மடிப்புக்கும் மூன்று பச்சை தீட்டுவார். மச்சான் தன் குள்ளர் தலைவனின் கண்ணில் கடுகளவு விளக்கு பொருத்திச் சிவப்பாக எரியவிட்டார். “தம்பி, உங்க ஆளு கண்ணைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு” என்பார் மாமா. “அண்ணே, உங்க ஆளு சட்டையைப் பார்த்தா எனக்கும் ஒண்ணு தைச்சுக்கணும் போல இருக்கு” என்பார் மச்சான். ஆறு வருடம் இப்படி இழைந்துகொண்டிருந்தார்கள்.

போன வருடம் ஒரு கால் அங்குலத்தில் எல்லாம் போயிற்று.

மாமா எதையும் கழுத்தில் தொங்கும் துணி டேப்பால்தான் அளப்பார். மச்சானிடம் இருப்பது இரும்பு டேப். மாமாவின் வில்லாளிக்கும் குள்ளர் தலைவனுக்கும் நடுவே எட்டு அங்குலம் என்றது துணி டேப், எட்டேகால் என்றது இரும்பு டேப். எட்டுக்குமேல் அம்பு போகாது. “உங்க டேப் நீண்டு போச்சுண்ணே, நாக்கு மாதிரி” என்று மச்சான் விளையாட்டாகத்தான் சொன்னார். சுற்றி நின்றவர்கள் சிரித்ததுதான் வினையாகிவிட்டது. தையல்காரரிடம் டேப் பொய் சொல்லுகிறது என்றால் அவர் வேறென்னதான் கேட்க வேண்டும்? “இந்த டேப்லதான் இந்த ஊரே சட்டை போட்டுத் திரியுது. எல்லாரும் தொளதொளன்னா போறாங்க?” என்று கேட்டுக்கொண்டே மாமா மேசையைக் கையால் வழித்தார். குள்ளர் தலைவன் கீழே விழுந்து, அவன் ஈட்டி இரண்டாக உடைந்தது.

இந்த விளையாட்டில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. அடுத்தவர் வீரனைக் கேட்காமல் தொடக்கூடாது. கேட்டுத் தொட்டாலும், வண்ணத்தில் விரல் படாமல் அடிக்கட்டையைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். அதை மாமா மீறிவிட்டார். மச்சான் உடைந்த ஈட்டியைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனவர்தான். அண்ணே, தம்பி என்பதெல்லாம் போய், ‘அந்த ஆளு’, ‘அவரு’ என்றாகிவிட்டது. மச்சான் வீட்டார் வந்திருந்தால் அக்கா வாசலோடு திரும்பிப் போனாள். அக்கா இருந்தால் மனைவியின் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. நடுவில் அகப்பட்டு நசுங்கியவர் புள்ளி சார்.

அதைச் சரிசெய்யத்தான் இந்தக் கதைப்போரை எழுதினார். சாதாரண ஆட்டம் வெற்றி, தோல்வி என்று முடிந்துவிடும். கதைப்போரில் ஒரு சண்டையில் நடந்தது அடுத்த சண்டையின் கதையை மாற்றும். நாள் முழுக்க ஆடி, கடைசியில் ஒரு கதையாக வந்து நிற்கும். நடத்துகிறவரே கதையும் எழுதி, விதியும் எழுதி, நடுவராகவும் நிற்க வேண்டும். இரண்டு பேரையும் தனித்தனியாகப் போய்க் கெஞ்சினார். சண்டைக்கு இடமே இல்லாமல் விதி எழுதியிருப்பதாகச் சத்தியம் செய்தார். ஒரு மாதம் உட்கார்ந்து எழுதியதுதான் அந்தப் பதினாறு பக்கம். அதில் முதல் விதியே இதுதான்: துணி டேப்பும் கூடாது, இரும்பு டேப்பும் கூடாது. எல்லாரும் ஒரே அளவுகோல். அட்டையை வெட்டி, கோடு கிழித்து, பன்னிரண்டு அங்குலத்துக்கு ஒன்பது குச்சி அவரே செய்து வைத்திருந்தார்.

“இன்னிக்கு ஏதாவது ஏடாகூடம் ஆச்சுன்னா…” என்று மனைவி ஆரம்பித்தாள்.

“ஆகாது.”

“ஆச்சுன்னா எங்கண்ணன் இனி இந்தப் படி ஏற மாட்டான். சொல்லிட்டுத்தான் ஒத்துக்கிட்டான். உங்க அக்கா மட்டும் சும்மா இருப்பாங்களா? அவங்களும் வர மாட்டாங்க. அப்புறம் நீங்களும் நானும் உங்க பொம்மையும்தான்.”

“பொம்மை இல்ல, படை.”

“படைக்கு யாரு சோறு போடுறதுன்னு பார்க்கலாம். இந்தாங்க.” அலமாரியிலிருந்து ஒரு விசிலை எடுத்து அவர் பையில் போட்டாள். “யாராவது குரலை உசத்தினா ஊதுங்க. ஒண்ணும் இல்லாட்டியும் நாய் ஓடும்.”

அச்சகத்தின் மாடியில் பைண்டிங் கூடம். முதலாளி ஞாயிறு ஒரு நாளைக்கு விட்டுக்கொடுத்திருந்தார். காகிதக் கட்டுகளைச் சுவரோரம் அடுக்கி, பைண்டிங் மேசை ஐந்தையும் நடுவில் இழுத்துப் போட்டார்கள். நாலு மேசையில் நீளவாக்கில் நீலத் துணி விரித்து ஆறு ஓடியது. ஐந்தாவது மேசையில் தெர்மோகோலில் செதுக்கிய கோட்டை: சுற்றிலும் மதில், நடுவில் உருண்டைக் கோபுரம், கிழக்கே ஒரு வாசல், மேற்கே ஒரு வாசல். இரண்டும் மூடியிருந்தன. கூடத்தில் பசை வாசனையும் மை வாசனையும் எந்த நாளும் போகாது.

எட்டுப் பேர் வந்தார்கள். கிழக்குக் கரைக்கு மாமா தலைவர், அவருக்குத் துணை எலும்புக்கூட்டுப் படையோடு நர்ஸம்மா. மேற்குக் கரைக்கு மச்சான் தலைவர், அவருக்குத் துணை பூதப்படையோடு பஸ் டிரைவர். மற்ற நாலு பேரும் பக்கத்துக்கு இரண்டாகப் பிரிந்துகொண்டார்கள். மாமா கழுத்தில் டேப் இல்லை. அது இல்லாமல் அவரைப் பார்க்க யாரோ மாதிரி இருந்தது. மச்சான் வந்ததும் பெட்டியைத் திறந்து குள்ளர் தலைவனை எடுத்து வைத்தார். ஈட்டியில் ஒட்டுப் போட்ட இடம் நன்றாகத் தெரிந்தது. தெரியட்டும் என்றே அதன்மேல் அவர் வண்ணம் பூசாமல் விட்டிருந்தார். மாமா அதைப் பார்த்தார். உடனே ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

புள்ளி சார் விசிலை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டு புத்தகத்தைப் பிரித்து வாசித்தார்.

“மழைக்காலம். ஒரே ஆற்றின் இரு கரையில் இரு நாடு. நடுவே குன்றின்மேல் அரசன் இல்லாத கோட்டை. இரண்டு சுற்றுச் சண்டை நாலு மேசையிலும் நடக்கும். மூன்றாவது சுற்று கோட்டையில். யாருக்குக் கோட்டை திறக்கிறதோ அவர்கள் மதிலுக்கு உள்ளேயிருந்து தொடங்குவார்கள். மற்றவர்கள் வெளியே.”

வெற்றிக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளிக்கும் கடைசிச் சண்டையில் ஒரு வீரன் கூடுதல். அது ஒரு கணக்கு. கோட்டை திறப்பது வேறு கணக்கு. அதைப் பதினாறாம் பக்கத்தில், கோட்டைக் கதவில் பொறித்த பழைய வாசகம் போல ஒற்றை வரியில் எழுதியிருந்தார்: ‘ஆறு கடந்தார்க்கே அரண் திறக்கும்.’ அவருக்கு மிகவும் பிடித்த வரி அது. ஒரு மாத எழுத்தில் அந்த ஒரு வரியை வாசிக்கும்போதுதான் அவர் குரல் நடுங்காமல் வந்தது.

முதல் சுற்று தொடங்கியது. பகடைகள் மேசையில் உருண்டன. அட்டைக் குச்சிகள் போய்ப் போய் வந்தன. புள்ளி சார் மேசை மேசையாக நடந்தார். யாராவது சிரித்தால் எதற்கு என்று திரும்பிப் பார்த்தார். யாராவது பேசாமல் இருந்தாலும் எதற்கு என்று திரும்பிப் பார்த்தார். ஒரு மேசையில் டிரைவர், “ஏய், ஏய், ஏய்!” என்று கத்தினார். புள்ளி சார் விசிலை வாயில் வைத்துவிட்டார். பகடை கீழே உருண்டு காகிதக் கட்டுக்குள் போய்விட்டதாம், அவ்வளவுதான்.

மேற்குக் கரைக்காரர்கள் சண்டையைப் பற்றிக் கவலைப்படவே இல்லை, ஆற்றைக் கடந்து எதிர்க்கரையில் கொடி நட்டால் போதும் என்று இருந்தார்கள். கொடி பிடித்தவனைச் சுற்றி அரண் மாதிரி நின்று நீலத் துணியில் இறங்கினார்கள். கரையிலிருந்து மரமனிதர்கள் அம்பு விட, குள்ளர்கள் வரிசை வரிசையாக விழுந்தார்கள். விழுந்தவனை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டு மச்சான் அடுத்தவனை இறக்கினார். முதல் சுற்று முடிவில் நாலு மேசையிலும் கிழக்குதான் ஜெயித்தது. ஆனாலும் இரண்டு மேசையில் மேற்குக் கொடி எதிர்க்கரையில் நின்றது.

புள்ளி சாருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. கிழக்குக் கரையில் ஒருவர்கூட ஆற்றில் கால் வைக்கவில்லை. எதிரி இத்தனை பேரை இழந்து நிற்கும்போது மாமா சுலபமாகக் கடந்துவிடலாம். கடக்கவில்லை. கரையில் நின்றபடியே கொன்று குவித்துவிட்டு நர்ஸம்மாவைப் பார்த்து விரலைக் காட்டினார். நாலு விரல். மாமா இப்படி ஆடுகிறவர் இல்லையே என்று புள்ளி சாருக்கு ஒரு நெருடல். கேட்கலாமா? நடுவர் ஒரு பக்கத்துக்கு யோசனை சொன்னதாக ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டார்.

இரண்டாம் சுற்றின் நடுவில்தான் அது காதில் விழுந்தது. கிழக்கு மேலும் இரண்டு மேசையை ஜெயித்து முடித்திருந்தது. நர்ஸம்மா தன் எலும்புக்கூடுகளை நேராக நிறுத்திக்கொண்டே மாமாவிடம், “இன்னும் ஒண்ணே ஒண்ணுண்ணே, ஆறைத் தாண்டிடுவோம்” என்றார்.

புள்ளி சாரின் மூளை, தொழில் பழக்கத்தில், உடனே திருத்தியது: ஆறை இல்லம்மா, ஆத்தை. ஆற்றைத் தாண்டிடுவோம்.

ஒரு நொடி கழித்துத்தான் உறைத்தது. நர்ஸம்மா தப்பாகப் பேசவில்லை. அவர் சொன்னது ஆற்றை இல்லை, ஆறைத்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டு போனால் ஐந்துக்கு அப்புறம் வருகிற ஆறு.

காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து பதினாறாம் பக்கத்தைப் புரட்டினார். ஆறு கடந்தார்க்கே அரண் திறக்கும். ஆறு புள்ளியைக் கடந்தவர்களுக்கே. அப்படியும் அந்த வரி கல்லில் வெட்டின மாதிரி சரியாகத்தான் இருந்தது. முதல் பிரதியில் ‘ஆற்றைக் கடந்தார்க்கே’ என்றுதான் எழுதியிருந்தார். வாசித்துப் பார்த்தபோது ‘ற்றைக்’ தொண்டையில் இடறியது. பழைய வாசகத்துக்கு இவ்வளவு பாரம் ஆகாது என்று சிவப்பு மையால் அதை அடித்தவர் அவரேதான். அடித்தபோது ரசித்துச் சிரித்ததுகூட நினைவுக்கு வந்தது. பன்னிரண்டு தடவை படித்தும் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எழுதிய கண்தானே படித்தது. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அந்த வரியில் தண்ணீர்தான் ஓடியது.

“சார், உடம்புக்கு என்ன? வேர்த்துக் கொட்டுதே” என்றார் டிரைவர்.

“ஒண்ணுமில்ல. காத்து வரல.”

ஜன்னல் எல்லாம் திறந்துதான் கிடந்தது.

சுற்றை நிறுத்திவிடலாமா என்று யோசித்தார். விசிலைக்கூட எடுத்தார். நிறுத்தி என்ன சொல்வது? அதற்குள் மாமாவின் மேசையில் கைதட்டல் கேட்டது. ஏழாவது வெற்றி. அதே நேரம் கடைசி மேசையில் மச்சான் மிச்சமிருந்த பதினொரு குள்ளர்களில் கொடிக்காரனை எதிர்க்கரையில் நட்டு, “மூணாவது கொடி!” என்றார். கிழக்குக்கு ஏழு புள்ளி. மேற்குக்கு ஒரே ஒரு புள்ளி, மூன்று கொடி.

இரண்டு பேரும் கோட்டை மேசைக்கு ஒரே நேரத்தில் நடந்து வந்தார்கள். இரண்டு பேர் கையிலும் புத்தகம். இரண்டு பேருக்கும் பதினாறாம் பக்கம் திறந்திருந்தது.

“மாப்ள, கதவைத் திற” என்றார் மாமா.

“மாப்ள, அவரு எதுக்கு அங்க நிக்கிறாருன்னு கேளு” என்றார் மச்சான்.

“ஏழு எடுத்திருக்கோம்னு சொல்லு.”

“எழுபது எடுத்தாலும் ஆத்துல கால் நனையலையேன்னு சொல்லு.”

“ஆறு எங்கிருந்து வந்தது இதுல?”

“ஆறுன்னுதானே போட்டிருக்கு!”

“அதைத்தானே நானும் சொல்றேன், ஆறுன்னுதானே போட்டிருக்கு!”

எட்டுப் பேரும் புத்தகத்தைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், கடைசியில் புள்ளி சாரைப் பார்த்தார்கள். மாமாவின் வலது கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. போன வருடம் வழித்த அதே கை. மச்சான் குள்ளர் தலைவனைச் சுற்றித் தன் இரண்டு உள்ளங்கையையும் வேலி மாதிரி வைத்துக்கொண்டார்.

நர்ஸம்மாதான் வாயைத் திறந்தார். “சார்! வேணும்னுதானே இப்படி ரெண்டு அர்த்தம் வச்சு எழுதினீங்க? இதுதான் கதையில திருப்பமா? எனக்குத் தோணவே இல்லையே, பிரமாதம் சார்!”

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அத்தனை பேரும் கைதட்டுவார்கள். புள்ளி சாரின் தலை பாதி ஆடியும்விட்டது. அப்போது பக்கத்தின் அடியில் அவர் கண் போயிற்று. அச்சகப் பழக்கத்தில் அங்கேயும் ‘சரி பார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். பத்தொன்பது வருடத்தில் அந்த இரண்டு சொல்லுக்குக் கீழே அவர் பொய்க்குக் கையெழுத்துப் போட்டதில்லை.

“இல்லம்மா” என்றார். “திருப்பமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. தப்பு. நான் நினைச்சது தண்ணி ஓடுற ஆறு. ‘ஆற்றை’ன்னுதான் எழுதியிருந்தேன். ஓசைக்காக ‘ற்றை’யை நான்தான் எடுத்தேன். மாமா படிச்சதும் சரி. எழுத்துப்படி யாரும் குத்தம் சொல்ல முடியாது.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மாமா இப்போது சொல்லுவார், பொண்டாட்டி வீட்டுப் பக்கம் சாய்ஞ்சுட்டான் என்று.

முதலில் வெடித்தவர் மச்சான். “ஏன் மாப்ள, உனக்கு மூளை இருக்கா? முப்பது பேரைத் தண்ணியில விட்டுட்டு மூணு கொடி நட்டேன். இப்ப நீ எனக்குக் கதவைத் திறந்தா, தங்கச்சி புருஷன் திறந்துவிட்டான்னுதானே பேசுவாங்க? நான் ஜெயிக்கிறதையும் கெடுத்துட்டியே!”

“அவரு ஜெயிக்கிறதை மட்டுமா?” மாமா புத்தகத்தை மேசையில் அடித்தார். “காலையிலிருந்து கரையிலேயே காவல்காரன் மாதிரி நிக்கிறேன். நல்ல ஆத்துல இறங்க விடாம பண்ணிட்டியே! கடந்திருக்க மாட்டேனா நான்?”

“சுலபமா கடந்திருப்பாரு” என்றார் மச்சான். “என்கிட்ட அப்ப ஆளே இல்ல.”

“கேளு! அவரே சொல்றாரு!”

“முதியோர் கலவியைக் கண்டுபிடிச்ச ஆளாம் இவரு! தான் எழுதின ஒரு வரியில ஆறு எங்க ஓடுதுன்னு தெரியல.”

“அதுக்குக் கீழ ‘சரி பார்த்தேன்’னு கையெழுத்து வேற, பாருங்க தம்பி.”

“எங்க? அட, ஆமாண்ணே!”

புள்ளி சார் கண்ணைத் திறந்தார். தன்னைத் திட்டுகிறார்கள் என்பது காதில் ஏறவில்லை. தம்பி, அண்ணே என்கிற இரண்டு சொல் மட்டும் ஏறியது. சொன்னவர்களுக்கே அது தெரிந்ததா என்று தெரியவில்லை. அவர் மூச்சை விடப் பயந்துகொண்டு நின்றார். இப்போது ஏதாவது பேசினால் கலைந்துவிடும் என்று தோன்றியது.

“இவனைக் கேட்டா வேலைக்கு ஆகாது” என்றார் மாமா. “வாசல் ரெண்டு வச்சிருக்கான்ல? ரெண்டையும் திறந்துவிடு. நான் கிழக்கால வரேன். அவரு மேக்கால வரட்டும். ரெண்டு பேருக்குமே திறந்துச்சுன்னு கதையில எழுதிக்க.”

“உங்களுக்கு ஏழு ஆளு கூடுதல்ணே. என்கிட்ட பதினொண்ணு பிளஸ் ஒண்ணுதான் இருக்கு.”

“அது நீங்க ஆத்துல விட்ட கணக்கு தம்பி. அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?”

டிரைவர் சிரித்துவிட்டார். மச்சான் அவரை முறைத்தார். புள்ளி சார் விசிலைப் பிடித்தார். மச்சானும் சிரித்துவிட்டார்.

மூன்றாவது சுற்றுக்கு எல்லாரும் ஒரே மேசையைச் சூழ்ந்தார்கள். மேற்கு ஜன்னல் வழியாக மாலை வெயில் கோட்டைக்குள் விழுந்தது. புள்ளி சாருக்குப் பதற்றம் குறையவில்லை, கூடியது. இவ்வளவு நேரம் பிரிந்திருந்தவர்கள் இப்போது முழங்கை இடிக்க நிற்கிறார்கள். இன்னொரு கால் அங்குலம் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

அந்தக் கால் அங்குலம் வந்தே விட்டது. கடைசியில் மச்சானிடம் எரியும் கண்ணோடு குள்ளர் தலைவன் மட்டும், கோபுரத்துக்குப் பின்னால். மாமாவின் வாள்வீரன் கோபுரத்துக்கு இந்தப் பக்கம். பாய்ந்து தாக்க ஒன்பது அங்குலம் அனுமதி. வழி கோபுரத்தைச் சுற்றி வளைந்து போகிறது. மாமா அட்டைக் குச்சியை வைத்தார். அது கோபுரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. துண்டு துண்டாக வைத்துப் பார்த்தார்கள். ஒரு தடவை எட்டே முக்கால் வந்தது, ஒரு தடவை ஒன்பதேகால் வந்தது.

பன்னிரண்டு தடவை படித்த புத்தகத்தில் வளைந்த வழியை எப்படி அளப்பது என்று ஒரு விதியும் இல்லை.

மச்சான் குனிந்து கோபுரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “இதுக்கு அட்டை ஒத்து வராது. இரும்பும் வளையாது” என்றார். அப்புறம், தலை நிமிராமல், “அண்ணே, உங்க டேப் இருக்கா?” என்றார்.

மாமா கால்சட்டைப் பையில் கையை விட்டார். சுருட்டி ரப்பர் மாட்டிய மஞ்சள் டேப் வெளியே வந்தது. விதி கூடாது என்றபிறகும் அதை விட்டுவிட்டு வர அவருக்கு மனம் வரவில்லை போலிருக்கிறது.

“புதுசு” என்றார். ரப்பரைக் கழற்றினார். “பழசு அரை விரக்கடை நீண்டுதான் போயிருந்துச்சு தம்பி. மறுநாளே ஸ்கேல் வச்சுப் பார்த்தேன். அதே டேப்ல அளந்து அதே டேப்ல வெட்டுறோமா, சட்டையில தெரியல.”

ஒருவரும் சிரிக்கவில்லை. மச்சான் டேப்பின் ஒரு நுனியைத் தன் தலைவனின் அடிக்கட்டையோடு வைத்துப் பிடித்தார். மாமா மறுநுனியைக் கோபுரத்தோடு ஒட்டிச் சுற்றிக் கொண்டு வந்தார். எண்ணைப் படிக்க வேண்டியவர் மாமா. அவர் படிக்கவில்லை, மச்சானைப் பார்த்தார். மச்சான் எட்டிப் பார்த்தார்.

“ஒன்பதுக்கு ஒரு நூல் உள்ள” என்றார் மச்சான். “வரலாம்.”

மாமா பகடையை உருட்டினார். அது கோபுரத்தில் முட்டித் திரும்பி நின்றது.

“ஆறு!” என்றார் நர்ஸம்மா.

“எந்த ஆறு?” என்று டிரைவர் கேட்க, கூடமே குலுங்கிச் சிரித்தது. புள்ளி சாரும் சிரித்தார். ஆனால் கண்ணை மாமாவின் கையிலிருந்து எடுக்கவில்லை. அந்தக் கை குள்ளர் தலைவனை நோக்கிப் போய், ஒரு விரற்கடை தள்ளி நின்றது.

“எடுக்கட்டுமா தம்பி?”

“எடுங்க.”

மாமா இரண்டு விரலால் அடிக்கட்டையைப் பிடித்து, ஒட்டுப்போட்ட ஈட்டி எதிலும் இடிக்காமல் மெல்லத் தூக்கினார். வெயில் போய்விட்ட கோட்டைக்கு மேலே, குள்ளர் தலைவனின் கண்கள் அப்போதும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. மாமா அவனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செத்தவன் முழிச்சுக்கிட்டே இருக்கானே தம்பி. இதுக்குச் சுவிட்ச் எங்க?”

“அடியில இருக்குண்ணே. இடது பக்கம்.”